உடன் வந்த ஜீவன்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

 

மஹாபாரதம் என்னும் பெருங்கடலில் இறங்கும் துறையில் ஒரு நாய் நிற்கிறது. கரையேறும் துறையிலும் ஒரு நாய் நிற்கிறது. உபந்யாஸகர்கள் பின்னதை எடுத்துச் சொல்வார்கள். முன்னதை அநேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டையும் சேர்த்து அநுபவித்தால்தான் வ்யாஸ மஹரிஷியின் திருவுள்ளம் விளங்கும் என்பது அடியேனுடைய எண்ணம்.

ஆதிபர்வத்தின் ஆரம்பத்திலேயே பௌஷ்ய பர்வம் என்று ஓர் உட்பிரிவு உண்டு. பரீக்ஷித்தின் குமாரனான ஜனமேஜயன், தன் சகோதரர்களான ச்ருதஸேனன், உக்ரஸேனன், பீமஸேனன் ஆகிய மூவருடன் குருக்ஷேத்ரத்தில் நீண்டதொரு ஸத்ர யாகம் செய்துகொண்டிருந்தான். அங்கே ஒரு நாய்க்குட்டி வந்தது. தம்பிமார் அதை அடித்தார்கள். அழுதுகொண்டே தாயிடம் ஓடியது குட்டி. தேவலோகத்து நாயாகிய ஸரமைதான் அதன் தாய். "நீ ஏதேனும் தப்பிதம் செய்திருப்பாய்" என்றாள் தாய். "இல்லை அம்மா, ஹவிஸை நான் நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை" என்றது குட்டி. ஸரமை யாகசாலைக்கே வந்து, குற்றமற்ற என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டாள். அரசகுமாரர்கள் பதில் சொல்லவில்லை. "காரணமின்றி அடித்தீர்களாதலால், காணாத இடத்திலிருந்து உங்களுக்குப் பயம் வரும்" என்று சபித்துவிட்டுப் போனாள். யாகம் முடிந்து ஹஸ்தினாபுரம் திரும்பிய ஜனமேஜயன், அந்தச் சாபத்தைத் தீர்ப்பதற்காகவே தகுந்த புரோஹிதரைத் தேடி அலைந்தான் என்கிறது இதிஹாஸம். சக்ரவர்த்திக்கு நாயின் கண்ணீர் அத்தனை பயத்தைக் கொடுத்தது!

இனி மறு கரைக்கு வருவோம். பதினேழாவதாகிய மஹாப்ரஸ்தானிக பர்வத்தில், பாண்டவர் ஐவரும் த்ரௌபதியும் மரவுரி தரித்து ஹஸ்தினாபுரத்தை விட்டுப் புறப்படுகிறார்கள். ஒரு நாய் பின்தொடர்கிறது. ஆறு பேருக்கு அது ஏழாவது. யாரும் அதை அழைக்கவில்லை, விரட்டவுமில்லை. ஹிமவானைக் கடந்து போகையில் த்ரௌபதி விழுந்தாள். ஸஹதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். தர்மபுத்ரர் திரும்பிப் பாராமல் நடந்தார். நாய் மட்டும் உடன் நடந்தது. இந்த்ரன் ரதத்தோடு வந்து, "ஏறிக்கொள், நாயை விட்டுவிடு; நாயை உடையவர்களுக்கு ஸ்வர்க்கத்தில் இடமில்லை; அவர்களுடைய புண்யத்தைக் க்ரோதவசர்கள் என்னும் அசுரர்கள் பறித்துப் போவார்கள்" என்றான். சாஸ்த்ரம் தெரிந்தவன் பேசும் பேச்சுதான் அது. தர்மபுத்ரர் இணங்கவில்லை. சரணமடைந்தவனைக் கைவிடுவதும், ஸ்த்ரீஹத்தியும், ப்ராஹ்மணன் பொருளைக் கவர்வதும், மித்ர த்ரோஹமும் ஆகிய நான்குக்கும் ஒப்பான பாபம், அன்பு வைத்துத் தொடர்ந்த ஒன்றை விட்டுவிடுவது என்று விண்ணப்பித்தார்.

இந்த்ரன் விடவில்லை. தம்பிமாரையும் தர்மபத்னியையும் விட்டுவிட்டு வந்தாயே, நாயை விடுவதற்கு என்ன தடை என்று கேட்டான். கூர்மையான கேள்வி. தர்மபுத்ரருடைய விடை அதைவிடக் கூர்மையானது. அவர்கள் உயிர் நீங்கியபின் அவர்களோடு செய்யத்தக்கது ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தபோது நான் அவர்களை விடவில்லை. இதுவோ உயிரோடு இருக்கிறது என்றார். அப்போதுதான் நாய் உருவம் நீங்கித் தர்மதேவதை ப்ரத்யக்ஷமாயிற்று. முன்பு த்வைதவனத்தில் பொய்கைக் கரையில் நகுலனுடைய உயிரைக் கேட்டாயே, அன்று போல் இன்றும் நின்றாய் என்று கொண்டாடியது. ஒன்றைக் கவனியுங்கள்: அது தர்மதேவதை என்று தெரிந்து அவர் காக்கவில்லை. வெறும் நாய் என்றே நினைத்துக் காத்தார்.

ஸரமையின் குட்டியை அடித்த கைகள் ஒரு கரையில். அதே குலத்து மூத்தவர் ஸ்வர்க்கத்தையே மறுத்த வார்த்தை மறு கரையில். இடையில் ஒரு லக்ஷம் க்ரந்தம்.

இங்கே சில ஆசாரசீலர்கள், "நீர் அர்ச்சகராயிருந்துகொண்டு நாய்க்குப் பரிந்து எழுதலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாய் ப்ராகாரத்துக்குள் புகுந்தால் ஆகமப்படி ப்ராயச்சித்தம் உண்டு. கர்ப்பக்ருஹத்தில் புகுந்தால் ஸம்ப்ரோக்ஷணமே விதிக்கப்படும். அதை ஒருநாளும் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஹவிஸைத் தொடாத குட்டியை அடித்ததைத்தானே ஸரமை கேட்டாள்? தீட்டு என்பது இடத்தையும் த்ரவ்யத்தையும் காக்க வந்த ஏற்பாடு. ஒரு ஜீவனைக் கல்லால் அடிப்பதற்குக் கொடுத்த அநுமதிச்சீட்டு அன்று. க்ருஹஸ்தன் நாள்தோறும் செய்யவேண்டிய வைச்வதேவத்திலேயே, நாய்க்கும் காக்கைக்கும் புழு பூச்சிகளுக்கும் அன்னத்தைத் தரையில் மெள்ள வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. எறி என்று சொல்லவில்லை. ஸ்ரீமத் பாகவதம் ஒன்பதாவது ஸ்கந்தத்தில் ரந்திதேவன் நாற்பத்தெட்டு நாள் பட்டினிக்குப் பிறகு கிடைத்த அன்னத்தை, நாய்களோடு வந்த அதிதிக்கும் அந்த நாய்களுக்கும் கொடுத்து, நாய்களையும் சேர்த்து நமஸ்கரித்தான்.

உத்தரகாண்டத்தின் இடைச்செருகல் என்று சிலர் ஒதுக்கும் ஸர்க்கங்களில் இன்னொரு கதை உண்டு. தலையில் காயத்தோடு ஒரு நாய் சக்ரவர்த்தித் திருமகனுடைய ஸபைக்கு வந்து, ஸர்வார்த்தஸித்தன் என்னும் ப்ராஹ்மணன் தன்னைக் காரணமின்றி அடித்தான் என்று முறையிட்டது. பெருமாளும் விசாரித்தார். என்ன தண்டனை வேண்டும் என்று நாயையே கேட்க, காலஞ்ஜரத்தில் மடாதிபதியாக அவனை நியமிக்கவேண்டும் என்று வேண்டிற்று. ஸபையார் இது வரமல்லவா என்று திகைத்தார்கள். "முன்ஜன்மத்தில் நான் அந்தப் பதவியில்தான் இருந்தேன், எவ்வளவோ ஜாக்ரதையாக இருந்தும் இப்பிறவி வந்தது" என்றது நாய். இடைச்செருகலோ அன்றோ, தேவஸ்வத்தைக் கையாளும் எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறையாவது வாசிக்கத் தக்க கதை.

இனி, மெய்யாகவே சிக்கலான விஷயத்துக்கு வருகிறேன். நம் நந்தவனத்தில் புஷ்ப கைங்கர்யம் செய்துவரும் பெரியவர் ஒருவர். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி கழிந்த மறுவாரம், கழுத்தில் அறுந்த கயிற்றோடு ஒரு செவலை நாய் அவருக்குப் பின்னால் வந்துவிட்டது. ஆற்றங்கரையில் யாரோ விட்டுப்போனது. அவர் வளர்க்க எண்ணவில்லை. முதல் நாள் ஒரு பிடி சோறு. இரண்டாம் நாள் தண்ணீர். மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்து, கழுத்துப் புண்ணில் மஞ்சள் அரைத்துப் போட்டார். பிறகு அது அவரை விடவில்லை. விடியற்காலம் துளஸி கொய்ய அவர் வரும்போது முன்னால் வரும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் இடத்தில் நின்றுவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதற்கு அந்த எல்லை தெரிந்திருந்தது. அவர் திரும்பி வரும்வரை செருப்பின்மேல் மோவாயை வைத்துக் கிடக்கும்.

அந்தப் பெரியவர் ஒருநாள் தனிமையில் கேட்டார்: "ஸ்வாமி, சாற்றுமுறைக்கு நிற்கும்போதுகூட அது சாப்பிட்டதோ என்றுதான் நினைவு வருகிறது. வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கம் போக மனம் எழவில்லை. ஜடபரதர் கதையைத் தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த கதிதானா?"

அன்பர்களே, இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ராஜ்யத்தைத் துறந்து, கண்டகீ நதிக்கரையில் புலஹாச்ரமத்தில் பகவதாராதனம் செய்துகொண்டிருந்தவன் பரதன். சிங்கத்தின் கர்ஜனை கேட்டுத் தாவிய பெண்மானின் கர்ப்பத்திலிருந்து குட்டி நழுவி வெள்ளத்தில் விழுந்தது, தாய் இறந்தது. பரதன் குட்டியை எடுத்து வளர்த்தான். யமம் போயிற்று, நியமம் போயிற்று, ஆராதனமும் போயிற்று. மானைப் பார்த்துக்கொண்டே உயிரை விட்டான், மானாகவே பிறந்தான். ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் பராசர மஹரிஷியும் இதை விஸ்தாரமாக அருளிச்செய்கிறார். ஆகையால் எந்த ஜீவனையும் வளர்க்காதே என்று இதற்குத் தாத்பர்யம் சொல்லுவோர் உண்டு. அடியேன் அதை ஒப்புவதில்லை. வெள்ளத்திலிருந்து குட்டியை எடுத்ததைப் பராசரரோ சுகரோ ஓரிடத்திலும் குற்றமென்று சொல்லவில்லை. ஆராதனம் ஒவ்வொன்றாக நழுவியதையும், பகவானுடைய சொத்தான ஜீவனைத் தன்னுடையது என்று நினைத்ததையுமே தோஷமாகக் காட்டுகிறார்கள். எடுத்த கையில் தப்பில்லை. 'என்னுடையது' என்ற நெஞ்சில்தான் தப்பு.

மேலும், பரதன் நின்ற நிலை வேறு, நம்முடைய நிலை வேறு. அவன் தன் யோக பலத்தால் அந்திம ஸ்ம்ருதியை ஸம்பாதிக்க வேண்டியவன். நம் ஆசார்யர்கள் நமக்குக் காட்டியிருப்பது சரணாகதி. உடல் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கும்போது அவன் நினைக்க முடியாவிட்டாலும், அவனை நான் நினைக்கிறேன் என்று வராஹப் பெருமான் பூமிப் பிராட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கடைசி மூச்சில் செவலை நாயின் நினைவு வந்துவிடுமோ என்று அந்தப் பெரியவர் நடுங்கவேண்டியதில்லை. ததிபாண்டனை அறிவீர்கள், தன்னோடு தன் தயிர்ப்பானைக்கும் மோக்ஷம் கேட்டான், கண்ணன் கொடுத்தான். பானைக்கே கிடைத்தது! பாகவத ஸம்பந்தம் பெற்ற பசுவும் பக்ஷியும் அவனோடு கரையேறும் என்பது நம் பெரியோர்களின் துணிபு. இதைச் சொன்னேன். ஆனால் சாற்றுமுறை வேளையில் சாற்றுமுறைதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த ஆண்டு அவர் திருவரங்கம் போய் ஸேவித்து வந்தார். அந்த மூன்று நாளும் மடப்பள்ளிப் பையன் நாய்க்குச் சோறிட்டான்.

யாத்ரை போகிறவர்களுக்கும் உடன் வரும் நாய்க்கும் உள்ள உறவுக்கு நிகரற்ற உதாரணம் வங்கதேசத்து வைஷ்ணவர்களிடம் இருக்கிறது. க்ருஷ்ணதாஸ கவிராஜர் இயற்றிய சைதன்ய சரிதாம்ருதத்தின் அந்த்ய லீலை முதல் அத்யாயத்தில் அது வருகிறது. சிவானந்த ஸேனர் என்னும் பக்தர், ஆண்டுதோறும் வங்கத்து அடியார் கூட்டத்தைப் புரீ க்ஷேத்ரத்து ரத யாத்ரைக்கு அழைத்துப்போவார். வழியில் சுங்கம் கட்டுவது, தங்கலுக்கு ஏற்பாடு செய்வது, எல்லோருக்கும் அமுது படைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வருஷம் ஒரு நாய் அந்தக் கோஷ்டியோடு சேர்ந்துகொண்டது. அதற்கும் ஒரு யாத்ரிகனைப் போலவே தினம் சோறு வைக்கச் சொன்னார் சிவானந்தர்.

ஓரிடத்தில் ஆறு குறுக்கிட்டது. ஓட்டக்காரன் நாயைப் படகில் ஏற்ற மறுத்தான். சிவானந்தர் அவனோடு தர்க்கம் செய்யவில்லை. பத்துப் பணம் சோழியைக் கூலியாகக் கொடுத்தார். ஒரு பணத்துக்கு எண்பது சோழி என்பது அக்காலக் கணக்கு. ஆக எண்ணூறு சோழி ஒரு நாயின் படகுக் கூலி. பிறிதொரு நாள் சுங்கச்சாவடியில் அவர் தடுத்து நிறுத்தப்பட்டார். இரவு நேரம் கழித்துத் தங்கலுக்கு வந்தவர் பசியோடு உட்காரும்போது கேட்ட முதல் வார்த்தை, நாய்க்குச் சோறு வைத்தாயா என்பது. ஏவலாள் மறந்திருந்தான். பத்துப் பேரை நாற்புறமும் அனுப்பித் தேடினார். நாய் அகப்படவில்லை. அன்றிரவு சிவானந்தர் உபவாஸமிருந்தார். மறுநாள் காலையிலும் காணவில்லை. கூட்டம் மனக்கலக்கத்தோடு புரீ போய்ச் சேர்ந்தது.

அங்கே சைதன்யருடைய ஸந்நிதியில் அந்த நாய் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. அவர் இளநீர்த் தேங்காயின் வழுக்கையை எடுத்து எடுத்துப் போட்டு, சிரித்துக்கொண்டே திருநாமம் சொல், திருநாமம் சொல் என்கிறார். நாயும் உண்டபடியே க்ருஷ்ண நாமம் சொல்லிற்றாம். சிவானந்தர் அதைக் கண்டு, தூரத்திலேயே நாய்க்கு தண்டன் ஸமர்ப்பித்துத் தம் அபசாரத்தைப் பொறுக்கும்படி வேண்டினார். அடுத்த நாள் அதை ஒருவரும் காணவில்லை. திவ்ய சரீரம் பெற்று வைகுண்டம் சென்றது என்று எழுதி முடிக்கிறார் கவிராஜர். நாய் நாமம் சொல்லுமா என்று விவாதிப்போர் விவாதிக்கட்டும். ஊரையே சோறூட்டும் ஒருவர், ஒரு பிடி சோறு தவறியதற்காகத் தாம் பட்டினி கிடந்தாரே, அதுவே அடியேனுக்கு அற்புதமாகத் தெரிகிறது.

இதை எழுதக் காரணம் நம் ஊர்ப்புறத்து நிலைமை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியை இரு கங்கைக்குடி என்று பெரியோர் வழங்குவர். ஆடி வெள்ளிக்கு மாரியம்மனைத் தரிசிக்க லக்ஷக்கணக்கானோர் கூடி மணலில் தங்குகிறார்கள். கூட்டம் கலைந்தபின் அந்த ஆற்றுப்படுகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எச்சில் இலைகளுக்கு நடுவே, போன வண்டியின் திக்கையே பார்த்துக்கொண்டு நாய்கள் நிற்கும். சில வழிதவறியவை, சில வேண்டுமென்றே விடப்பட்டவை. இராஜபாளையத்து வெள்ளை நாய்க்கு 2005ஆம் ஆண்டு தபால்துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறை நாயின் பெயர் நாடெங்கும் பரவியிருக்கிறது. அந்தப் பெருமை பேசுகிற நம் ஜில்லாவிலேயே, செவிட்டுக் குட்டி என்றும், வயதாயிற்று என்றும் அவற்றைச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இராஜபாளையம் இனத்தில் செவிட்டுப் பிறவி அதிகம். அதற்கு நாயா பொறுப்பு?

வெடிச்சத்தம் வேறு. சிவகாசிச் சீமையில் வெடி பலருக்கு அன்னம். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் நம்மைவிடப் பன்மடங்கு நுட்பமான செவி நாய்க்கு. புதிதாக வந்த ஜீவன் முதல் தீபாவளிக்குத்தான் ஓடித் தொலைந்துபோகும். அந்த இரண்டு மூன்று இரவுகள் உள்ளறையில் கட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி ஊரார் வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. ஓர் ஊர் முழுவதும் செய்வதில் ஒரு வீடு கொஞ்சம் செய்யலாம்.

நாயை விட்டுப்போவது பாபம் மட்டுமன்று, சட்டப்படி குற்றமுமாகும். மதுரையில் 1904இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய ஸபையில் எடுத்த முயற்சியின் பலனாக வந்த 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், பசி தாகத்தால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றமென்கிறது. ஆதரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்பு இருந்தால் ஊசி வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. கொண்டுவந்தவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வருஷந்தோறும் மறவாமல் தொடரவேண்டும். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், கால் மணி நேரம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மந்த்ரிப்பதும் பச்சிலை கட்டுவதும் உயிருக்கு ஆபத்து. இந்த நோய் கண்டபின் பிழைப்பது அநேகமாக இல்லை. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தோன்றியதே இந்த நோயை எதிர்ப்பதற்காகத்தான்.

அதன் காலம் முடிந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். ஆசௌசமில்லை, ஸம்ஸ்காரமுமில்லை. தோட்டத்தில் ஆழக் குழிதோண்டி அடக்கம் செய்து ஸ்நானம் செய்தால் போதும். துக்கம் வந்தால் வெட்கப்படவேண்டாம். ஜடாயுவுக்காகக் கண்ணீர் விட்டு ஈமக்கடன் செய்தவர் நம் பெருமாள். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் அதற்காகவே ஸேவை ஸாதிக்கிறார். நம் தமிழ்நாட்டு முன்னோர்களும் நாயை மறந்தவர்களல்லர். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், மாண்ட வீரனுக்கு அருகில் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயர் அழியவில்லை.

உத்ஸவ தினங்களில் நந்தவனத்துக் கிணற்றடியில், மதிலுக்கு வெளிப்புறமாக, ஒரு மண்தொட்டியில் தண்ணீர் வைக்கப்படும். ததீயாராதனம் முடிந்தபின் உப்பும் புளியும் சேராத சாதம் அங்கே இடப்படும். புளியோதரையையும் எச்சில் இலையையும் அவ்விடத்தில் எறியாமல் இலைத் தொட்டியிலேயே சேர்க்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வடக்கு வாசலில் செருப்புகளின் அருகே கிடக்கும் செவலை நாய் யாரையும் ஒன்றும் செய்யாது. பூக்கூடையோடு பெரியவர் வெளியே வரும்வரை அது எழுந்திராது.

அடியேன்,
அர்ச்சகன்.